இரண்டு காட்சிகளுக்கு நடுவே: ஐசன்ஸ்டைனும் நம் வாய்மொழித் தேர்வும்



வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டிவிட்டு, "என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்: "முதல்ல ஒரு தாத்தா பஸ்ஸுல ஏறுறாரு. அப்புறம் ஒரு பையன் ஃபோன் பாக்குறான். அப்புறம் தாத்தா நிக்கிறாரு. அப்புறம்…" ஒரு நிமிடத்துக்குள் பத்து 'அப்புறம்' வந்துவிடும். பார்த்ததில் எதுவும் விடுபடவில்லை. ஆனால் அந்தக் காணொளி என்ன சொல்ல வந்தது என்பது மட்டும் பதிலில் இருக்காது.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. காட்சிகளை வரிசையாக ஒப்பிக்க நாம்தான் பழக்கியிருக்கிறோம். தாத்தா நிற்பது ஒரு காட்சி. பையன் ஃபோன் பார்ப்பது இன்னொரு காட்சி. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் அப்படி வைத்ததால்தான் நமக்கு அந்தப் பையன் மீது கோபம் வருகிறது. கோபம் எந்தக் காட்சிக்குள்ளும் இல்லை, இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

இந்த 'அடுத்தடுத்து வைத்தல்' பற்றிச் சினிமா உலகத்துக்கே பாடம் எடுத்தவர் சோவியத் இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைன். அவருடைய வாழ்க்கையையும், அவர் விட்டுச்சென்றது ஒரு தமிழ்ப் படம் வரைக்கும் வந்து சேர்ந்த வழியையும் இங்கே பார்ப்போம். அவரிடம் நாம் கற்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

பொறியியல் படிக்கப் போனவர்

ஐசன்ஸ்டைன் 1898 ஜனவரி 22 அன்று ரிகா நகரில் பிறந்தார். இன்று அது லாட்வியாவின் தலைநகரம், அன்று ரஷ்யப் பேரரசின் பகுதி. அப்பா கட்டடக் கலைஞர். மகனும் பெட்ரோகிராடில் பொறியியல் படிக்கப் போனார். 1917இல் புரட்சி வந்தது. மறு ஆண்டு செஞ்சேனையில் சேர்ந்தார். அங்கிருந்து மாஸ்கோ நாடக மேடைக்கு வந்து, மெயர்ஹோல்ட் என்ற பெரிய நாடக இயக்குநரிடம் மாணவரானார். அந்த நாள்களில் அவர் ஜப்பானிய மொழியும் கற்றுக்கொண்டார். மொழி ஆசிரியர்களான நமக்கு இது முக்கியமான செய்தி.

ஜப்பானியர்கள் சீனத்திலிருந்து எடுத்துக்கொண்ட எழுத்துகளில் அவர் ஒன்றைக் கவனித்தார். 'கதவு' என்ற வடிவத்துக்குள் 'காது' என்ற வடிவத்தை வைத்தால் கேட்பது. 'வாய்' பக்கத்தில் 'நாய்' இருந்தால் குரைப்பது. 'நீர்' பக்கத்தில் 'கண்' இருந்தால் கண்ணீர். கண்ணால் காணக்கூடிய இரண்டு பொருள்கள் சேர்ந்து, கையால் தொட முடியாத ஒரு கருத்து பிறக்கிறது. சினிமாவும் இதைத்தான் செய்ய வேண்டும் என்று 1929இல் எழுதிய கட்டுரை ஒன்றில் வாதிட்டார். சிங்கப்பூர் மாணவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. வகுப்பில் பக்கத்து மேசையில் இருக்கும் சீன நண்பரிடம் இந்த மூன்று எழுத்துகளையும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும்.

அவருடைய முதல் முழுநீளப் படம் 'வேலைநிறுத்தம்' 1925இல் வந்தது. அதன் முடிவில் தொழிலாளர்கள் சுட்டு வீழ்த்தப்படுகிறார்கள். அந்தக் காட்சிகளுக்கு நடுநடுவே கசாப்புக்கூடத்தில் ஒரு மாடு அறுபடுவதைக் காட்டுகிறார். 'மாடு போல் வெட்டினார்கள்' என்று நாம் எழுதும் உவமையில் 'போல்' என்ற உருபை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அதுதான் அந்தக் காட்சி. பார்ப்பவரே 'போல்' என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

'இது நம்மிடம் இல்லாததா?' என்று தமிழாசிரியர்கள் கேட்பீர்கள். இருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரம் பேசும் உள்ளுறை உவமம் இதற்கு நெருங்கிய உறவு. கருப்பொருளை மட்டும் காட்டிவிட்டு, தலைவியின் மனத்தைக் கேட்பவரே உணரும்படி விடுவது சங்கப் புலவர் வழக்கம். ஆனால் வித்தியாசமும் உண்டு. சங்கப் புலவர் இரண்டையும் மெதுவாகப் பக்கத்தில் அமர்த்துகிறார். ஐசன்ஸ்டைனோ இரண்டையும் மோதவிடுகிறார். 'மோதல்' என்ற சொல்லையே அவர் தம் கோட்பாட்டின் நடுவில் வைத்தார்.

படிக்கட்டில் நடந்ததும் நடக்காததும்

அதே 1925இன் இறுதியில் திரையிடப்பட்டது 'போர்க்கப்பல் பொட்டெம்கின்'. 1905இல் நடந்த கடற்படைக் கலகத்தை வைத்து எடுத்த மௌனப் படம். ஐந்து பகுதிகள். முதல் பகுதி எதைக் காட்டுகிறது என்று பாருங்கள்: புழு நெளியும் இறைச்சி. 'இது சாப்பிடத் தகுந்ததுதான்' என்கிறார் கப்பல் மருத்துவர். புழுவை அண்மைக் காட்சியில் நாமும் பார்த்துவிட்டோம். ஆகவே கலகம் வெடிக்கும்போது நாம் ஏற்கெனவே மாலுமிகள் பக்கம் நிற்கிறோம். யாரும் நம்மிடம் கட்சி சேரச் சொல்லவில்லை, வரிசை சேர்த்துவிட்டது.

நான்காம் பகுதிதான் உலகப் புகழ்பெற்ற ஒடேசா படிக்கட்டுக் காட்சி. மேலிருந்து துப்பாக்கி ஏந்திய படைவீரர்கள் ஒரே சீராக இறங்கி வருகிறார்கள். கீழே மக்கள் சிதறி ஓடுகிறார்கள். மகனைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் மட்டும் படைவீரர்களை நோக்கி எதிர்த்திசையில் ஏறுகிறாள். இன்னொரு தாய் சுடப்பட்டு விழ, குழந்தையோடு தள்ளுவண்டி படிகளில் தானாக உருள்கிறது. நேரம் நீட்டப்படுகிறது. உண்மையில் அந்தப் படிகளை இறங்கிவர ஆகும் நேரத்தைவிட மிக அதிக நேரம் அவர்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு மூன்று கல்சிங்கங்கள்: ஒன்று தூங்குகிறது, ஒன்று விழிக்கிறது, ஒன்று எழுகிறது. அவை மூன்று தனித்தனிச் சிலைகள்தான். அடுத்தடுத்து வைத்ததும் ஒரே சிங்கம் சினந்து எழுவதாகத் தெரிகிறது.

இதைப் புகழ்ந்து எழுதுவது எளிது. 1958இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த கருத்துக்கணிப்பில் உலகின் சிறந்த படமாக இது தேர்வானது. ஆனால் நான் மாணவர்களோடு இதைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் என்னை விடுவதில்லை.

முதலாவது, 1905இல் ஒடேசாவில் வன்முறையும் உயிரிழப்பும் இருந்தன. ஆனால் படத்தில் நாம் காணும் அந்தப் படுகொலை அந்தப் படிக்கட்டில் அப்படி நடக்கவில்லை. அது இயக்குநர் கட்டியது. இன்றைக்கு அந்த ஊர் என்றாலே உலகம் நினைப்பது நடக்காத அந்தக் காட்சியைத்தான்.

இரண்டாவது, சுடும் படைவீரர்களுக்கு முகமே இல்லை. காலணிகள், நிழல்கள், துப்பாக்கி வரிசை, அவ்வளவுதான். நமக்கு அருகில் காட்டப்படுவது ஒரு கொசாக்கின் முகம், அதுவும் வெறியோடு வாளை வீசும் கணத்தில். சாகிறவர்களுக்கு முகம் உண்டு, கொல்கிறவர்களுக்கு இல்லை. இது கலையின் வலிமையா? ஆமாம். நியாயமா? அது வேறு கேள்வி. நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ்கூட இந்தப் படத்தைப் பாராட்டி, இப்படி நமக்கும் படம் வேண்டும் என்ற பொருளில் பேசினார். கத்தி நல்ல கத்திதான். யார் கையில் என்று அது கேட்பதில்லை.

வெட்டியவரையே வெட்டினார்கள்

ஐசன்ஸ்டைனின் பிற்கால வாழ்க்கை இந்தக் கேள்விக்கு எழுதப்பட்ட கசப்பான பதில் போல இருக்கிறது. 1930இல் ஹாலிவுட் போனார், ஒரு படமும் அமையவில்லை. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் பண உதவியோடு மெக்சிகோவில் எடுத்த படம் பாதியில் நின்றது. படச்சுருள் அவர் கைக்குத் திரும்பி வரவே இல்லை. நாடு திரும்பி எடுத்த 'பெஷின் புல்வெளி' 1937இல் நிறுத்தப்பட்டது. தம் தவறுகளை ஒப்புக்கொண்டு அவரே பகிரங்கமாக எழுத வேண்டியதாயிற்று. அந்தப் படம் அழிந்துவிட்டது. எஞ்சிய ஃபிரேம்களைக் கோத்து 1960களில் செய்த புகைப்படத் தொகுப்புதான் இன்று மிச்சம்.

1938இல் 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' வெற்றி பெற்றது. ஜெர்மானியப் படையெடுப்பை எதிர்க்கும் கதை. அடுத்த ஆண்டே ஜெர்மனியோடு ஸ்டாலின் ஒப்பந்தம் போட, படம் திரையரங்குகளிலிருந்து மறைந்தது. 1941இல் ஜெர்மனி தாக்கியதும் திரும்பி வந்தது. 'பயங்கர இவான்' முதல் பாகத்துக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. இரண்டாம் பாகத்தில் சந்தேகமும் தனிமையும் பிடித்த மன்னரைக் காட்டினார். யாரைச் சொல்கிறார் என்று புரியவேண்டியவருக்குப் புரிந்தது. 1946இல் தடை. 1958இல்தான் வெளிவந்தது. அதைப் பார்க்க ஐசன்ஸ்டைன் இல்லை. 1948 பிப்ரவரி 11 அன்று, 50ஆம் வயதில், மாரடைப்பால் இறந்துபோனார்.

காட்சிகளை வெட்டி ஒட்டி அரசுக்கு வலிமை சேர்த்தவர் அவர். அதே அரசு அவர் படங்களையே வெட்டியது. அவருடைய ஆசிரியர் மெயர்ஹோல்ட் 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் ஆசிரியரின் கையெழுத்துப் பிரதிகளை எடுத்துவைத்துக் காப்பாற்றியவர் ஐசன்ஸ்டைன். அந்தக் காலத்தில் அது உயிரைப் பணயம் வைக்கும் செயல். அவருடைய படங்களை விமர்சிக்கும் நாம் இதையும் மறக்கக் கூடாது.

ஒடேசா தெற்கே வந்த வழி

1947இல் சத்யஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். அங்கே முதலில் திரையிட்ட படம் 'பொட்டெம்கின்'. அந்த வட்டத்தைச் சேர்ந்த நிமாய் கோஷ், பிரிவினை அகதிகளைப் பற்றி 1950இல் 'சின்னமூல்' எடுத்தார். ரித்விக் கட்டக் அதில் நடித்தார். 1951இல் இந்தியா வந்த இன்னொரு சோவியத் மேதை புதோவ்கின் அதைப் பார்த்து, சோவியத் நாட்டில் திரையிட வழி செய்தார். பிறகு நிமாய் கோஷ் சென்னைக்குக் குடிவந்து, 1960இல் தமிழில் 'பாதை தெரியுது பார்' இயக்கினார். தொழிலாளர் வாழ்க்கையைப் பேசிய படம். இசை எம்.பி. சீனிவாசன். 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' என்று தொடங்கும் பாடலை ஜெயகாந்தன் எழுதியது இந்தப் படத்துக்குத்தான்.

கட்டக் 1960களில் புனே திரைப்படக் கல்லூரியில் பாடம் எடுத்தார். அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த ஜான் ஆபிரகாம். அவர் 1977இல் தமிழில் எடுத்த படம்தான் 'அக்கிரகாரத்தில் கழுதை'. கதை, திரைக்கதையில் விமர்சகர் வெங்கட் சாமிநாதனின் பங்கு உண்டு. பேராசிரியராக நடித்தவர் யார் தெரியுமா? அதே எம்.பி. சீனிவாசன்.

1984இல் ஜான் ஆபிரகாம் கோழிக்கோட்டில் ஒரு மக்கள் திரைப்பட இயக்கம் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டுக் காட்டி, மக்களிடமே காசு திரட்டி, 'அம்ம அறியான்' என்ற மலையாளப் படத்தை 1986இல் முடித்தார்கள். அந்த இயக்கத்துக்கு வைத்த பெயர் 'ஒடேசா'. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். ஒடேசா படிக்கட்டின் பெயர் கேரளத்து ஊர்களில் உண்டியலோடு சுற்றியது என்பதைவிட ஒரு மரபுக்கு நல்ல சாட்சி வேண்டுமா?

அக்கிரகாரமும் கழுதையும்

படத்தின் தலைப்பையே பாருங்கள். 'அக்கிரகாரம்', 'கழுதை'. ஐசன்ஸ்டைன் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார். சேரவே சேராத இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைத்ததும் ஒரு முழுக் கதை பிறந்துவிட்டது.

பேராசிரியர் நாராயணசாமி, தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கிறார். பிறகு அதைத் தம் ஊர் அக்கிரகாரத்துக்குக் கொண்டுபோகிறார். வாய் பேசாத உமா அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் எந்தக் கெட்டது நடந்தாலும் பழி கழுதை மேல் விழுகிறது. உமாவுக்கு இறந்து பிறந்த குழந்தை கோயில் வாசலில் போடப்பட, அதற்கும் கழுதையே காரணம் என்கிறார்கள். ஊர் கூடிக் கழுதையைக் கொல்கிறது. பிறகு ஊரில் அற்புதங்கள் நடப்பதாகப் பேச்சு எழ, அதே கழுதைக்குக் கோயில் எழுப்பப் பார்க்கிறார்கள். அடித்த கைகளே கும்பிடுகின்றன.

இங்கே வேகமான வெட்டு இல்லை. படம் நிதானமாக நகர்கிறது. மோதல் காட்சிக்குக் காட்சி இல்லை, படத்தின் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே இருக்கிறது. 'பொட்டெம்கின்' குற்றவாளியைப் படிக்கட்டின் மேலே நிறுத்தி நம்மிடம் காட்டுகிறது. நாம் கீழே, பாதிக்கப்பட்டவர்களோடு பத்திரமாக நிற்கிறோம். ஜான் ஆபிரகாம் அந்தப் பத்திரத்தைத் தரவில்லை. கழுதையைக் கொல்கிறவர்கள் நம் சித்தப்பா போல, எதிர்வீட்டு மாமி போல இருக்கிறார்கள். நல்லவரான பேராசிரியராலும் எதையும் தடுக்க முடியவில்லை. ஐசன்ஸ்டைனிடமிருந்து கற்றவர் இந்த இடத்தில் அவரைத் தாண்டிவிட்டார் என்பேன்.

குறைகளும் உண்டு. நடிப்பு பல இடங்களில் மேடை நாடகம் போல இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உமா ஓர் அடையாளமாகவே நின்றுவிடுகிறாள். அவள் பேசாதவள் என்பதால் அவள் மனத்தை நாமும் அறியாமலேயே போய்விடுகிறோம். படைவீரர்களுக்கு ஐசன்ஸ்டைன் முகம் தரவில்லை என்றேன், இங்கே உமாவுக்கு மனம் தரப்படவில்லை. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. ஆனாலும் எதிர்ப்பு வந்து, தூர்தர்ஷன் ஒளிபரப்பு கைவிடப்பட்டது.

நம் தெருவில்

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம். கைபேசிகளில் நமக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் ஒரே மாதிரிக் காட்சிகள்தான்: கவிழ்ந்த போலீஸ் கார், எரியும் ஆம்புலன்ஸ்.

அந்த வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. காப்பாற்ற வந்தவர்கள் மீதே கல் விழுந்தது, அது தவறு. ஆனால் ஒரு கேள்வி. காணொளி எரியும் ஆம்புலன்ஸில் தொடங்கினால் நமக்குத் தெரிவது வெறிபிடித்த ஒரு கூட்டம். பேருந்துக்கு அடியில் கிடந்த மனிதரிடமிருந்து தொடங்கினால் தெரிவது துக்கம். கல்மழைக்கு நடுவே அவரை வெளியே எடுக்கப் போராடிய அதிகாரிகளிடமிருந்து தொடங்கினால் தெரிவது கடமை. மூன்றும் உண்மை. எந்த ஒன்றும் முழு உண்மை இல்லை. அன்றைக்கு எத்தனை பேர் முதல் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு, "இவங்க எல்லாம் இப்படித்தான்" என்று முடிவு கட்டினார்கள்! நம் தமிழ்க் குடும்பங்களிலும் அந்தப் பேச்சு எழுந்தது. கேட்டவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆகவேதான் சொல்கிறேன், காட்சிக்கு நடுவே படிக்கத் தெரிவது மதிப்பெண்ணுக்கான உத்தி மட்டும் இல்லை. பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரைத் தவறாகப் படிக்காமல் இருக்கவும் அது வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க

எந்தக் காணொளியைப் பார்த்தாலும் மாணவர்கள் மூன்று கேள்விகள் கேட்டுப் பழகட்டும்.

1. இது எந்தக் காட்சியில் தொடங்குகிறது? வேறொன்றில் தொடங்கியிருந்தால் என் எண்ணம் மாறியிருக்குமா?
2. எந்த இரண்டு காட்சிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன? அந்த மோதலில் பிறக்கும் கருத்து என்ன?
3. யாருடைய முகம் காட்டப்படவில்லை?

ஒரு சிறு பயிற்சியும் உண்டு. குழுவாக லிட்டில் இந்தியாவுக்குப் போய், கேம்பல் லேன் பூக்கடை ஒன்றில், அனுமதி கேட்டு, மாலை கட்டும் கைகளை மட்டும் படம் எடுக்கச் சொல்லுங்கள். முகம் வேண்டாம். வகுப்பில் அந்தப் படத்துக்கு அடுத்து ஒரு மணமேடைப் படத்தை வையுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு ஓர் இறுதிச் சடங்குப் படத்தை வையுங்கள். பிறகு அதே கைகள் இரவு பத்து மணிக்குத் தனியாகப் பேருந்துக்குக் காத்திருக்கும் படம். ஒவ்வொரு முறையும், "இந்தக் கைகள் என்ன உணர்கின்றன?" என்று கேளுங்கள். கைகள் மாறவில்லை, பதில் மாறும். ஐசன்ஸ்டைனுக்கு முன்பே குலெஷோவ் என்ற சோவியத் இயக்குநர் ஒரு நடிகரின் முகத்தை வைத்துச் செய்துகாட்டிய சோதனை இதுதான். 'பொட்டெம்கின்' படத்தைக் காட்டுவதாக இருந்தால், கீழ்நிலை வகுப்புகளுக்குக் கல்சிங்கங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படிக்கட்டுக் காட்சி உயர்நிலை நான்குக்குப் போதுமான அளவு கனமானது.

மாணவர்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தாத்தா காணொளிக்கே திரும்புவோம். "முதல்ல தாத்தா நிக்கிறாரு, அப்புறம் பையன் ஃபோன் பாக்குறான்" என்பதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "முதியவர் கைப்பிடியைப் பற்றித் தடுமாறி நிற்கிறார். ஆனால் அவர் எதிரிலேயே அமர்ந்திருக்கும் மாணவனின் கண் கைபேசியை விட்டு நகரவில்லை. அதே நேரத்தில், அந்த மாணவன் முதியவரைப் பார்த்தும் பாராதிருந்தானா, உண்மையிலேயே கவனிக்கவில்லையா என்பதைக் காணொளி காட்டவில்லை." புதிய தகவல் எதையும் சேர்க்கவில்லை. ஓர் 'ஆனால்', ஓர் 'அதே நேரத்தில்', அவ்வளவுதான். முதலாவது, இயக்குநர் எதை எதோடு மோதவிட்டார் என்று சொல்கிறது. இரண்டாவது, அவர் எதைக் காட்டாமல் விட்டார் என்று சொல்கிறது.

அடுத்த பயிற்சியில் உங்கள் பதிலைப் பதிவு செய்து, எத்தனை 'அப்புறம்' வருகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அதில் ஒன்றை மட்டும் 'ஆனால்' என்று மாற்ற முடியுமா என்று பாருங்கள். மாற்ற முடிந்தால், நீங்கள் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.